பளார் அக்காவின் வலது கை

செத்துப்போன புருஷனின் கன்னத்தில் அவள் அறைந்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூடும்போது இருமிக்கொண்டு படுத்திருந்த மனுஷன், பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். தூரத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளுக்கு ஆள் அனுப்பி, அவள் வந்து சேர்வதற்குள் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கியிருந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நேராக உள்ளே வந்தாள். குனிந்தாள். பளார் என்று ஒன்று வைத்தாள்.

"யோவ், யாரைக் கேட்டுய்யா செத்த?" என்றாள்.

ஒப்பாரி அப்படியே நின்றுபோயிற்று. அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

அவளுக்குச் சொந்தப் பேர் ஒன்று உண்டு. அதை நான் எழுதப்போவதில்லை. மடுல்சீமைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், ஒரே லயத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் அவள் காம்பரா, இந்தப் பக்கம் எங்கள் காம்பரா. நேரில் எல்லோருக்கும் அக்கா. முதுகுக்குப் பின்னால் பளார் அக்கா. அவள் காதில் அது விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். விழுந்திருந்தால் சொன்னவனுக்குப் பல் இருந்திருக்காது.

அக்காவுக்கு முதலில் கை பேசும், அப்புறம்தான் வாய். நான் பசறைக்குப் போய் உயர்தரம் படித்த காலத்தில் ஒருநாள், பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. பின்னால் நின்ற ஒருவன் வளைவுக்கு வளைவு என் மேல் வந்து விழுந்துகொண்டிருந்தான். அந்த ரோட்டில் வளைவுக்கா பஞ்சம். நான் புத்தகப் பையை முதுகுக்குக் கொடுத்துப் பார்த்தேன், நகர்ந்து பார்த்தேன், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். அக்கா எங்கிருந்து வந்தாள், அந்த நெரிசலில் எப்படி நுழைந்தாள், தெரியாது. அவன் மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. "என்னம்மா இது, பஸ்ஸுக்குள்ள..." என்று கண்டக்டர் வாயைத் திறந்தான். அவனுக்கும் ஒன்று விழுந்தது. டிரைவர் பிரேக் போட்டு, திரும்பிப் பார்த்து, நிலைமையை விளங்கிக்கொண்டு, மறுபடி முன்னால் திரும்பிவிட்டான். புத்திசாலி.

"ஏன்டி, வாய் செத்துப் போச்சா ஒனக்கு?" என்று என்னைக் கேட்டாள். மடுல்சீமை வரும்வரைக்கும் அவள் என் முதுகோடு முதுகாக நின்றாள்.

கல்யாணமான புதிதில் புருஷன்தான் அவளை அடித்தாராம். மூன்று வருஷம் வாங்கிக்கொண்டாளாம். ஒருநாள் அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவி அவர் தோளில் இழுத்ததோடு அந்தக் கதை முடிந்துவிட்டது. "எனக்கு அடிச்சுத்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்ல" என்று அவர் முடிவெட்டும் இடத்தில் சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டிச் சிரிப்பார். அதற்குப் பிறகு அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அவர் சோறு ஆக்குவார், இவள் குறை சொல்லுவாள்.

இதையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொல்லலாம். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. அவளுடைய மகள் அப்போது ஏழாம் வகுப்பு. ஒரு சாயந்தரம் கீழுதடு கிழிந்து, தாடையெல்லாம் ரத்தமாக எங்கள் காம்பராவுக்குள் ஓடி வந்தாள். அரிசிப் பானையைக் கவிழ்த்துவிட்டாளாம். அவ்வளவுதான் குற்றம். என் அம்மா துணியை நனைத்து அவள் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. தன் வலது கையைத் தூக்கி வாசல் நிலையில் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். "இந்தச் சனியன் என் பேச்சக் கேக்குதில்ல. நான் வேணாங்குறேன், அது போயிருது" என்றாள். விரல் மூட்டு தோலுரிந்து ரத்தம் வந்தது. எனக்கு அவளிடம் முதன்முதலாகப் பயம் வந்தது அன்றைக்குத்தான். கையை ஏதோ வீட்டில் வளர்க்கிற கடிநாய் மாதிரித்தான் அவள் பேசினாள்.

மகள் கல்யாணம் கட்டி ஹாலிஎலைக்குப் போய்விட்டாள். புருஷனும் போன பிறகு அக்கா காம்பராவில் தனி. தனியாக இருக்கிற பெண்ணின் கதவை யார் யாரோ தட்டிப் பார்ப்பார்கள். அவள் கதவை ஒருவன் ஒரே ஒரு தடவை தட்டினான். மறுநாள் அவன் கண் திறக்கவில்லை, அவ்வளவு வீக்கம். குளவி கொட்டியது என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்தக் கைதான் மரத்துப்போகத் தொடங்கியது.

முதலில் கொழுந்து பறிக்கும் மூன்று விரலிலும் எறும்பு ஊருகிற மாதிரி இருந்ததாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். முப்பது வருஷம் அந்த மூன்றையும் வைத்துத்தான் இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளியிருக்கிறாள். பிறகு தூக்கத்தில் கை எரிந்து எழுப்பிவிடத் தொடங்கியது. கையை உதறுவாள், உதறினால் கொஞ்சம் உயிர் வரும். உதறியும் வராதபோது சுவரில் அடிப்பாள். அந்தச் சத்தத்தைத் தினமும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து அம்மா கேட்டிருக்கிறாள். "சனியனே எந்திரி, எந்திரி" என்று ஒரு அடி, மறுபடி ஒரு அடி. தோட்டத்து மருந்துக்காரர் பூச்சுத் தைலம் கொடுத்தார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடை குறைந்துகொண்டே வந்தது. கங்காணி, "என்ன, கை நோவா? நடிப்பா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறான்.

அறைந்தாள். அந்த அறை சரியாகப் போய் விழவில்லை. விரல்கள் மடங்கி, கை அவன் தாடையில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கங்காணி கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். சிரித்தது ஒருவன்தான், ஆனால் மற்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

தைப்பொங்கலுக்கு நான் வீட்டுக்குப் போயிருந்தபோது இதை அவளே சொன்னாள். சொல்லிக்கொண்டே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். தீய்ந்த வாடை வந்தது. ரொட்டியைப் பார்த்தேன், ரொட்டி நன்றாக இருந்தது. கல்லின் விளிம்பில் அவள் ஆள்காட்டி விரல் ஒட்டிக்கொண்டு வெந்துகொண்டிருந்தது. நான் கத்திய பிறகுதான் எடுத்தாள். நிதானமாக எடுத்து, எதையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள்.

"பாப்பா, நான் தனிக்கட்டை. இந்தக் கைதான் எனக்குத் தாப்பாளு. இது போயிருச்சுன்னா எவன் வேணும்னாலும் உள்ள வருவான்" என்றாள். பளார் அக்காவின் குரல் நடுங்கி நான் கேட்டது அப்போதுதான்.

நான் பதுளை டவுனில் ஒரு ஸ்கேன் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களைப் பதிந்து, உள்ளே அழைத்து, படுக்க வைத்து, முடிந்ததும் ஜெல்லைத் துடைத்துவிடுகிற வேலை. வாரத்தில் இரண்டு நாள் ஒரு பெண் டொக்டர் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், தடித்த கண்ணாடி, குறைந்த பேச்சு. அவரிடம் அக்காவின் கையைப் பற்றிச் சொன்னேன். நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கிற பரிசோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இந்த மெஷினிலேயே மணிக்கட்டைப் பார்க்கலாம், கூட்டிக்கொண்டு வாரும் என்றார். எனக்கே அது புதினமாக இருந்தது. எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசி கர்ப்பிணிகள்.

எங்கள் சனங்களுக்கும் ஸ்கேன் என்றால் அது ஒன்றுதான். தோட்டத்தில் "அவ ஸ்கேனுக்குப் போயிருக்கா" என்று யாராவது சொன்னால், அடுத்தவள் "எத்தன மாசம்?" என்றுதான் கேட்பாள். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். அந்த லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான்.

கங்காணியிடம் கை நோவு என்று லீவு கேட்க அக்காவுக்கு மனமில்லை. மகள் வீட்டுக்கு ஹாலிஎலைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை பதுளைக்கு வந்தாள். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். என் அம்மாவிடம்கூட அவள் மூச்சுவிடவில்லை.

"கையை இதில வையுங்கோ. விறைக்குதோ?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லீங்க."

"கொஞ்சமும் விறைக்கயில்லையோ?"

"பதுளையில எங்கங்க வெறைக்குது? எங்க மடுல்சீமையிலதான் வெறைக்கும். இங்க வேர்க்குதுங்க."

டொக்டர் என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் விறைப்பு என்றால் மரத்துப்போவது, எங்களுக்கு அது குளிர். தமிழிலிருந்து தமிழுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். "ஓ, மரத்துப் போறதா! மரத்துத்தாங்க கெடக்குது, செத்த பொணம் மாதிரி" என்றாள் அக்கா.

ஜெல்லைப் பூசியதும் கையை இழுத்துக்கொண்டாள். "இது புள்ளத்தாச்சிக்குப் பூசுறதுல்ல?" என்றாள். நான்தான் சமாதானம் சொல்லிக் கையை மறுபடி வைத்தேன். டொக்டர் ஸ்கேன் கருவியின் முனையை மணிக்கட்டில் வைத்து மேலும் கீழுமாக மெதுவாக நகர்த்தினார். திரையைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். முதலில் இடது கை: வெட்டிய தேன்கூட்டுத் துண்டு போல், உள்ளே சின்னச் சின்னப் புள்ளிகளோடு, ஒரு நரம்பு. பிறகு வலது கை: அதே நரம்பு கறுத்து, புள்ளியெல்லாம் அழிந்து, ஊதிப்போய்க் கிடந்தது. கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தால், ஊதியிருந்தது அப்படியே நசுங்கித் தட்டையாக இருந்தது.

"மணிக்கட்டில சுரங்கம் மாதிரி ஒரு பாதை இருக்கு. நரம்பு அதுக்குள்ளாலதான் விரலுக்குப் போகுது. அதுக்கு மேல ஒரு பட்டி. அந்தப் பட்டி இறுகி நரம்பை நெரிக்குது. உள்ளுக்குப் போகேலாமல் நரம்பு வாசலில வீங்கி நிக்குது, பாருங்கோ" என்றார் டொக்டர். சொல்லிக்கொண்டே விரல் நுனியால் அந்த மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார். அது ஒரு பரிசோதனை. தட்டினால் மின்சாரம் பாய்ந்த மாதிரி விரல்வரைக்கும் போகும்.

போயிருக்க வேண்டும். அக்காவின் இடது கை எழும்பி டொக்டரின் கன்னத்தில் பளார் என்று விழுந்தது. கண்ணாடி கழன்று சுவரோரம் போய் விழுந்தது. எனக்கு வேலை போய்விட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். டொக்டர் எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கன்னத்தில் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"தட்டினால் நோகுது எண்டு எழுதுவம். மற்றக் கை நல்லா வேலை செய்யுது" என்றார்.

அக்கா அவர் காலில் விழப் போனாள். டொக்டர் தடுத்தார். "இன்னும் பிந்தயில்லை. சின்ன ஒப்பரேஷன். அந்தப் பட்டியை வெட்டிவிட்டால் நரம்புக்கு இடம் கிடைக்கும், விரல் திரும்ப வரும். கனநாள் விட்டால் பிறகு ஒண்டும் செய்யேலாது" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அக்கா அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏற்றிவிடும்போது சிரித்தாள். "வரட்டும் பாப்பா, வெரலு வரட்டும். மொத வேலையா அந்தக் கங்காணியத்தான் பாக்கணும்" என்றாள்.

அவள் போன அரை மணித்தியாலத்தில் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். அக்கா பயந்து ஒப்பரேஷனுக்குப் போகாமல் விட்டுவிடுவாளோ என்று நினைத்தேன். அம்மா பக்கத்தில் இருந்து தைரியம் சொன்னால் நல்லது என்று நினைத்தேன். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது, கோயில் படியில்தான் வரும்; என் ஃபோனுக்காக அம்மா சனிக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்திருப்பாள். அம்மாவுக்குக் காது மந்தம், அதனால் ஃபோனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள். சனிக்கிழமை மத்தியானத்தில் கோயில் படியில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"அம்மா, பக்கத்து அக்கா ஸ்கேன் எடுத்துட்டுப் போயிருச்சு. ஸ்கேன்ல நல்லாத் தெரிஞ்சுச்சும்மா. சின்ன ஒப்பரேசன் ஒன்னு செஞ்சாச் சரியாப் போயிருமாம். இப்பவே செய்யணுமாம், பிந்துனா ஒன்னும் பண்ண ஏலாதாம். நீ அக்காகிட்ட சொல்லும்மா, பயப்பட வேணாம்னு..."

லைன் அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தேன், கிடைக்கவில்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதில் 'கை' என்ற ஒரு வார்த்தை மட்டும் இல்லை.

புருஷன் செத்து ஏழு வருஷமான பெண். ஹாலிஎலைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லி, கல்யாணச் சேலை கட்டி, பதுளைக்குப் போய் ஸ்கேன் எடுத்திருக்கிறாள். ஒப்பரேஷன் பண்ண வேண்டுமாம், பிந்தினால் முடியாதாம். கோயில் படியிலிருந்த ஐந்தாறு பெண்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? வேறு யாராக இருந்தாலும் ஒருத்தி நேரே போய்க் கேட்டிருப்பாள். கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். பளார் அக்காவிடம் யார் போய்க் கேட்பது? கேட்டால் கைதானே பதில் சொல்லும். என் அம்மாவே கேட்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதிருக்கிறாள், அவ்வளவுதான். அவளைப் பார்த்து ஊர் பயந்த பயமே அவளுக்கு வினையாகப் போயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இனி நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மத்தியானம், பீலியில் தண்ணீர் பிடிக்கவும் துணி துவைக்கவும் பெண்கள் கூடியிருந்த நேரம். அக்காவும் துவைத்துக்கொண்டிருந்தாள். கீழ் டிவிஷனில் இருந்த அவளுடைய கொழுந்தன், செத்துப்போன புருஷனின் தம்பி, கவ்வாத்துக் கத்தியோடு வந்தான். நல்ல கசிப்புச் சாராயம் போட்டிருந்தான். அண்ணன் செத்த நாளிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன். அண்ணி சாப்பிட்டாளா, இருக்கிறாளா என்று ஒரு வார்த்தை கேட்காதவன். மானம் போய்விட்டது என்றதும் கத்தியோடு வந்துவிட்டான்.

"யாருடி அவன்? சொல்லுடி, யாரு?" என்றான்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எவன்டா?"

"பதுளையில போய் ஸ்கேன் எடுத்தியாமே. உள்ள என்ன இருக்குன்னு காட்டுனாங்களா?"

அக்கா சிரித்துவிட்டாள். அவளுக்கு அது தன் கையைப் பற்றிய கேலி. கங்காணி அனுப்பித்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தாளாம். ஈரக் கையைத் துடைத்து, வலது மணிக்கட்டைத் திருப்பி, அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "ஆமான்டா, காட்டுனாங்க. இந்தா, இதுக்குள்ளதான் இருக்கு. நல்லா வீங்கி இருக்கு. பாத்துக்க!" என்றாள்.

நக்கல் பண்ணுகிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். நீட்டிய இடத்திலேயே வெட்டினான்.

தேயிலைச் செடியின் கிளையை ஒரே இழுப்பில் அறுக்கிற கத்தி அது. பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். அக்கா ஓடவில்லை. வெட்டு விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. கோபத்தில் தெரியவில்லையா, மரத்துக் கிடந்ததில் தெரியவில்லையா, அது கடவுளுக்குத்தான் வெளிச்சம். இடது கையால் அவன் முடியைப் பிடித்து, வலது கையால் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். விரல்கள் தொங்குகின்றன, ஒவ்வொரு அறைக்கும் ரத்தம் அவன் முகத்தில், கண்ணில், துவைத்து வைத்த வெள்ளைத் துணியில் எல்லாம் தெறிக்கிறது. கத்தியைப் போட்டுவிட்டு அவன் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தான். அவள் கானுக்குள் இறங்கி, நெஞ்சில் முழங்காலை வைத்து அடித்தாள். அவனுடைய இரண்டு பல் தண்ணீரோடு போயிற்று. கடைசியில் என் அம்மாதான் போய் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்திருக்கிறாள்.

"என்ன இது இவ்வளவு ரத்தம்? செத்துட்டானா பாருங்கடி" என்றாளாம் அக்கா.

"ஐயோ, அது ஒன் ரத்தம்டி!" என்று அம்மா கத்தினாள். அக்கா கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் நரம்புகளைத் தேடிப் பிடித்துத் தைத்தார்கள். டொக்டர் வெட்டச் சொன்ன பட்டியை அவன் வெட்டிவிட்டிருந்தான், கூடவே நரம்பையும். அவனைப் பொலிஸ் பிடித்தது. குடும்பச் சண்டை என்று பேசி, பெரிய மனுஷர்கள் நாலு பேர் போய் நின்று, வெளியே எடுத்துவிட்டார்கள். எடுத்து வந்தவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் அவர்களைச் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது.

நான் வார்டுக்குப் போனேன். நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் தோடம்பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் திரும்பினேன். கிடந்த கிடையில் அவள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எவ கெளப்பிவுட்டான்னு மட்டும் தெரியட்டும் பாப்பா." வீட்டுக்குப் போன பிறகு தேடத் தொடங்கினாள். கங்காணியின் பெண்சாதி மேல் சந்தேகப்பட்டு அவளைப் பெரட்டில் வைத்து இடது கையால் அறைந்தாள். அடுத்த மாதம் கோயில் பூசாரியின் மருமகள் வாங்கினாள். அவர்களும் இந்தக் கதையை மெல்லாமல் இருந்திருக்கமாட்டார்கள் என்பது வேறு. ஆனால் எனக்கு விழவேண்டியதை அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஃபோனில், "சொல்லாதடி, கொன்னுருவா" என்று கெஞ்சினாள். நானும் கோழைதான். ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

காயம் ஆறியும் விரல்களில் உயிர் வரவில்லை. மறுபடி ஸ்கேன் பார்க்கலாம் என்று டொக்டர் வரச் சொன்னார். இந்தத் தடவை யாருக்கும் தெரியாமல் வரவில்லை. கைக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறேன், கைக்கு, கைக்கு என்று லயம் முழுக்கக் கேட்கும்படி மூன்று தரம் கத்திவிட்டு வந்தாளாம்.

பழைய கட்டில், பழைய ஜெல். தழும்பு மணிக்கட்டுக்குக் குறுக்கே தடித்துக் கிடந்தது. டொக்டர் நெடுநேரம் பார்த்தார். கருவியை மேலே கொண்டுபோனார், கீழே கொண்டுவந்தார். முழங்கையில் இருந்து வந்த நரம்பு தழும்புக்குக் கிட்ட வந்ததும் உருண்டு திரண்டு ஒரு கட்டியாக நின்றது. அதற்கு அந்தப் பக்கம் போனது நூல் மாதிரி மெலிந்து கிடந்தது.

"நரம்பு வந்து இந்த இடத்தில முடிச்சாகி நிண்டிட்டுது. அங்கால ஒழுங்காப் பொருந்தயில்லை. இன்னொருக்கா ஒப்பரேஷன் செய்து பாக்கலாம். வருமெண்டு நான் சொல்லமாட்டன்."

"மொதல்ல செஞ்சிருந்தா வந்திருக்குமாங்க?"

டொக்டர் கருவியைக் கீழே வைத்தார். "வந்திருக்கும்" என்றார்.

அக்கா திரையில் நின்றுபோயிருந்த அந்தக் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துணியை எடுத்து அவள் கையில் இருந்த ஜெல்லைத் துடைக்கத் தொடங்கினேன். அந்தக் கை கனமாக, ஜில்லென்று, யாருடையதோ போல என் கையில் கிடந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, நான்தான்" என்றேன்.

"என்ன?"

"நான்தான் அம்மாவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன், நீங்க ஸ்கேனுக்கு வந்தீங்கன்னு. கைக்குன்னு சொல்லல. சொல்ல மறந்துட்டேன். ஒப்பரேசன் செய்யணும்னும் சொன்னேன். கோயில் படியில எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. வேற யாரும் இல்லக்கா. நான்தான்."

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். அக்கா எழுந்து உட்கார்ந்தாள். என் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வலது கை மேலே போனதைக் கண்டேன். நான் விலகவில்லை.

அறை என்றால் அப்படி ஒரு அறை. என் தலை சுவரில் மோதியது. பல் உதட்டில் இறங்கி வாய் முழுக்க ரத்தம் உப்புக் கரித்தது. "என்ன வேலை செய்யிறியள்!" என்று டொக்டர் கத்திக்கொண்டு எழும்பினார். "விடுங்க டொக்டர், விடுங்க" என்றேன் நான். காதில் ஒரே இரைச்சல்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பட்டுச்சா?" என்று கேட்டாள்.

"பட்டுச்சுக்கா."

"எனக்குத் தெரியல. சுண்டுவெரலு ஒன்னுதான் சொல்லுது, அடிச்சேன்னு. மத்ததெல்லாம் கம்முன்னு கெடக்குது." மறுபடி என்னைப் பார்த்தாள். "வலிக்குதா?"

"வலிக்குதுக்கா."

"பொய் சொல்லாத."

"நெசமாத்தான்கா. ரொம்ப வலிக்குது."

என் உதட்டில் வழிந்த ரத்தத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பச் சரி" என்றாள்.